தரம் 8, 9 அட்சரகணிதத்தை வியாபாரக் கணக்கில் தொடங்கலாமா? இலங்கையின் கிழக்கில் படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்கள்

வாவிக்கரைக் கணிதம் எழுதியது:

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் தரம் 8, 9 வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். அரைவாசிப் பிள்ளைகளின் வீட்டில் ஏதோ ஒரு வியாபாரம் நடக்கிறது: தயிர், மீன், விறகு, மரக்கறி, வீட்டு முன்னால் சின்னக் கடை. ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்தால் மிச்சக் காசை வாயாலேயே சொல்லும் பிள்ளை, 3ப + 5 = 20 என்று கரும்பலகையில் எழுதியதும் பேனையை மூடி வைத்துவிடுகிறது. எனக்கு இது பெரிய கவலை. கணக்குத் தெரியாத பிள்ளைகள் இல்லை இவர்கள். அந்த எழுத்து எதற்கு வந்தது என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதனால் இந்தத் தவணை எளிய சமன்பாட்டைத் தயிர்க் கணக்கில் தொடங்கினேன். அப்படியே எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். விலைகள் கணக்குக்காக வைத்தவை, சந்தையில் வேறாக இருக்கும். தட்டச்சு வசதிக்காகத் தெரியாக்கணியத்துக்குத் தமிழ் எழுத்தையே போடுகிறேன்.

ஒரு அம்மா எருமைத் தயிர் போட்டு டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறார். பால், சட்டி, விறகு எல்லாம் சேர்த்து ஒரு சட்டிக்கு 420 ரூபா செலவு. கடைக்காரர் சட்டிக்கு 500 கொடுக்கிறார். ஆட்டோக்கூலி 1200, எத்தனை சட்டி ஏற்றினாலும் அதே கூலிதான். சட்டிகளின் எண்ணிக்கை ப என்றால் கையில் நிற்பது 500ப − 420ப − 1200. எத்தனை சட்டி கொண்டுபோனால் கையைக் கடிக்காது? 80ப = 1200, ப = 15.

இது வரைக்கும் பிள்ளைகள் எழுத்தே இல்லாமல் சொல்லிவிடுவார்கள். வேலை இதற்குப் பிறகுதான். வழியில் இரண்டு சட்டி உடைந்துபோனால்? செலவு ப சட்டிக்கும் உண்டு, வரவு மிச்சச் சட்டிகளுக்கு மட்டும். முன்வாங்கில் ஒரு பிள்ளை 500ப − 2 − 420ப − 1200 என்று எழுதியது. "உடைஞ்சது ரெண்டு ரூபாவா, ரெண்டு சட்டியா மகள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துவிட்டு, அழிறப்பரை எடுத்து அழித்து, 500(ப − 2) என்று அடைப்புப் போட்டது. அடைப்பை நீக்கும்போது −1000 எங்கிருந்து வந்தது என்று நான் விளக்கத் தேவையே வரவில்லை. "ரெண்டு சட்டிக் காசு, டீச்சர்" என்று பின்வாங்கில் இருந்து சத்தம் வந்தது. அடைப்பு நீக்கலுக்கு நான் இவ்வளவு காலமும் போட்ட பயிற்சிகளை விட இந்த ஒரு வரி கூட வேலை செய்தது.

80ப = 2200. ப = 27.5. அரைச் சட்டியை ஏற்ற முடியாது. 27 சட்டி என்றால் 40 ரூபா நட்டம், 28 என்றால் 40 ரூபா இலாபம். ஆக, ப குறைந்தது 28 ஆக இருக்கவேணும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். சமனிலிப் பாடம் வருவதற்கு முன்னமே சமனிலி வகுப்புக்குள் வந்துவிட்டது.

ரூபா என்று எழுதிவிட்டால் அது வாழ்க்கைக் கணக்கு ஆகிவிடாது. "ஒரு வியாபாரி ஒரு பொருளை ப ரூபாவுக்கு வாங்கி 2ப + 5 ரூபாவுக்கு விற்றார்" என்று பயிற்சிப் புத்தகங்களில் வரும். உலகத்தில் எந்தக் கடைக்காரர் அப்படி விலை போடுகிறார்? பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். கணக்குக்குள் யாராவது ஒரு முடிவு எடுக்கவேண்டி இருக்கவேணும்: ஏற்றுவதா விடுவதா, வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா, இந்தக் கடனா அந்தக் கடனா. அந்த முடிவுக்கு ப தேவைப்படவேணும். நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பழைய கொப்பி எழுதியது:

டீச்சர், நீங்கள் எழுதியதை ஆசையோடு வாசித்தேன். கல்முனைப் பக்கம் கனகாலம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இரண்டு தடை இருக்கிறது, மனதில் வைக்காமல் சொல்கிறேன்.

காசுக் கணக்கில் பிள்ளை அட்சரகணிதம் செய்வதில்லை. 1200 ஐ 80 ஆல் பிரிக்கிறது, 15 வருகிறது, கொப்பியில் மட்டும் நமக்காக ப என்று எழுதுகிறது. பின்னோக்கிப் போய் விடை எடுக்கிற பழக்கம் அது. கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு தரம் 10க்குப் போகிற பிள்ளை அங்கே முட்டிக்கொள்ளும். அடுத்தது, காரணிப்படுத்தலுக்கு எந்தக் கடையில் போய் உதாரணம் தேடுவீர்கள்? சாதாரண தரப் பரீட்சையில் ஈருறுப்புக் கோவைகளின் பெருக்கம், காரணி, அட்சரகணிதப் பின்னம் எல்லாம் வரும். அதற்குச் சந்தை கிடையாது. கைப்பழக்கம்தான் வேணும்.

வாவிக்கரைக் கணிதம் எழுதியது:

சேர், முதல் தடை முழுக்க நியாயம். பின்னோக்கிப் போய் விடை எடுக்க முடிகிற கணக்கில் பிள்ளைக்கு எழுத்து சுமைதான். அதனால்தான் தெரியாக்கணியம் இரண்டு பக்கமும் வருகிற கணக்குக்குச் சீக்கிரமே போய்விட வேணும் என்று நினைக்கிறேன். அங்கே பின்னோக்கிப் போக வழி இல்லை. இரண்டு பக்கத்திலும் ப நிற்கும்போது, அதை ஒரு எண் போலப் பிடித்து இந்தப் பக்கம் கழி, அந்தப் பக்கம் கழி என்று செய்யத்தான் வேணும். நல்ல உதாரணம் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

காரணிப்படுத்தலைப் பற்றி நான் சண்டை பிடிக்கவில்லை. அதற்குச் செவ்வகப் பரப்பளவு நல்ல வழி, அதற்கு வியாபாரம் வேண்டாம்.

தறிவீட்டு மகன் எழுதியது:

எல்லோருக்கும் ஸலாம். மருதமுனை. நான் ஆசிரியர் இல்லை, வாப்பா தறி வைத்திருந்தவர். டீச்சர் கேட்ட இரண்டு பக்கக் கணக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தது.

நெய்கிறவருக்கு இரண்டு வழி. முதலாளி நூலும் பாவும் தந்து, நெய்த சாரத்துக்கு (கைலிக்கு) கூலி மட்டும் தருவார். சாரம் ஒன்றுக்கு 350 என்று வைப்போம். இல்லாவிட்டால் தறியை வாடகைக்கு எடுத்து, நூலைச் சொந்தமாக வாங்கி, நெய்து, தானே விற்கலாம். தறி வாடகை மாதம் 3000. நூல், சாயம் போக ஒரு சாரத்தில் 500 நிற்கும் என்று வைப்போம். மாதத்தில் ம சாரம் நெய்தால்:

350ம = 500ம − 3000

150ம = 3000, ம = 20. மாதத்தில் இருபதுக்கு மேல் நெய்ய முடிகிறவருக்குச் சொந்தமாகச் செய்வது நல்லது. வீட்டு வேலைக்கு இடையில் பதினைந்து நெய்கிற பெண்ணுக்குக் கூலியே நல்லது. ஒரே ஊரில் இரண்டு பேருக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. வாப்பா இதை எழுத்தில்லாமல் தெரிந்து வைத்திருந்தார், ஆனால் விலை மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து மனக்கணக்குப் போடுவார்.

விலை மாறுவதுதான் பெரிய பாடம். 2022 இல் டொலர் ஏறியபோது இறக்குமதி நூல் விலை எங்கேயோ போனது. தறி வாடகை ஏறவில்லை. அதாவது 3000 என்ற மாறிலி அப்படியே நிற்க, ம வைப் பெருக்குகிற 500 என்ற குணகம் குறைந்தது. அது 400 ஆகிவிட்டால் 50ம = 3000, அறுபது சாரம் நெய்யவேணும். 350க்குக் கீழே போனால்? எவ்வளவு நெய்தாலும் கூலிக்காரரைப் பிடிக்க முடியாது. மாறிலி ஏறுவது வேறு, குணகம் குறைவது வேறு. இது பாடசாலையில் எனக்குப் புரியவே இல்லை. வீட்டில் தறி நின்றபோது புரிந்தது.

பழைய கொப்பி எழுதியது:

தம்பி, அருமை. இதற்கு நான் தலைவணங்குகிறேன். 400 ஆனபோது இருபது அறுபதாக ஏறியதே, அதைத் தரம் 9 வரைபில் கீறினால் படித்திறன், அதாவது கோட்டின் சாய்வு, என்றால் என்ன என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

சாய்ந்தமருது டீச்சர் எழுதியது:

வணக்கம், ஸலாம். நான் எடுப்பதும் தரம் 7, 8, 9. இந்த விஷயத்தில் என் வகுப்பில் தனியாக ஒரு கேள்வி வருகிறது. வட்டிக் கணக்கு. பிள்ளைகள் கேட்கிறார்கள்: "டீச்சர், வட்டி ஹராம் என்று மத்ரஸாவில் சொல்கிறார்கள், இங்கே கண்டுபிடிக்கச் சொல்கிறீர்களே?" நான் மறைக்காமல் சொல்வது இதுதான்: ஒருவர் உன்னிடம் எவ்வளவு வட்டி வாங்குகிறார் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவள்தான் அதில் விழாமல் நிற்பாள். பாடத்திட்டத்தில் உள்ளது, பரீட்சைக்கு வரும், முழுக்கப் படிப்பிக்கிறேன்.

ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. ஸகாத், அதாவது எங்கள் மார்க்கத்தில் கடமையான தர்மம், எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்ட கணக்கு. ஒரு சந்திர வருடம் கையில் இருந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஒருவர் 7500 ரூபா ஸகாத் கொடுத்தார் என்றால், செ ÷ 40 = 7500, செ = 300000. நிஸாபை, அதாவது ஸகாத் கடமையாகிற குறைந்த அளவை, தங்கத்தால் பார்க்கிறவர்களுக்கு அளவு 85 கிராம். தங்கம் ஒரு கிராம் த ரூபா என்றால் செல்வம் 85த அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கடமை. தங்கத்தின் விலை ஏறினால் இன்றைக்குக் கடமை உள்ளவருக்கு நாளைக்குக் கடமை இல்லாமல் போகலாம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப 85த என்பது நிலையான எண் இல்லையே டீச்சர்" என்றது. மாறி என்றால் என்ன என்று அதை விட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

வாரிசுப் பங்கும் எடுப்பேன். ஒருவர் மௌத்தாகி, கடன், அடக்கச் செலவு எல்லாம் போக எட்டு இலட்சம் மிச்சம். பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்குப் பெண்ணின் இரு மடங்கு. பெண் பிள்ளையின் பங்கு ப என்றால் 2 × 2ப + 3ப = 7ப. அது ஏழு இலட்சம். ப ஒரு இலட்சம், ஆண் பிள்ளைக்கு இரண்டு இலட்சம், மனைவிக்கு ஒரு இலட்சம். கூட்டிப் பார்த்தால் எட்டு இலட்சம் சரியாக நிற்கும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி அட்சரகணிதத்தை எழுதியபோது அதில் பெரிய பகுதியை வாரிசுப் பங்குக்கும், வியாபாரத்துக்கும், நில அளவைக்குமே ஒதுக்கினார். பணக் கணக்கை அட்சரகணிதத்துக்குள் நாங்கள் புதிதாக இழுத்து வரவில்லை என்று பிள்ளைகளுக்கும் சொல்வேன், பெற்றோருக்கும் சொல்வேன்.

வாவிக்கரைக் கணிதம் எழுதியது:

டீச்சர், உங்கள் 85த வை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வகுப்பில் தாலிக்கொடி செய்கிற கணக்காக மாற்றி எடுப்பேன்: இத்தனை பவுன், கூலி இவ்வளவு, இன்றைக்கு ஒரு பவுன் விலை த.

எழுத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சட்டிக்கு ச, சாரத்துக்குச் சா என்று பொருளின் முதல் எழுத்தை நான் போடுவதில்லை. போட்டால் 5ச வைப் பிள்ளை "ஐந்து சட்டி" என்று வாசிக்கும். பிறகு 500ச என்பது ஐந்நூறு சட்டியா, ஐந்நூறு ரூபாவா என்று குழம்பும். எழுத்து பொருளைக் குறிக்கவில்லை, எண்ணிக்கையையோ விலையையோ குறிக்கிறது என்று ஒவ்வொரு கணக்கிலும் முதல் வரியாக எழுத வைக்கிறேன். "ப = சட்டிகளின் எண்ணிக்கை" என்ற வரி இல்லாவிட்டால் புள்ளி இல்லை. கண்டிப்பாக இருக்கிறேன் இதில்.

ஒருங்கமை சமன்பாட்டுக்கு இது இன்னும் முக்கியம். மூன்று கொப்பியும் இரண்டு பேனையும் 460 ரூபா. மூன்று கொப்பியும் நான்கு பேனையும் 620 ரூபா. பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: கூடினது இரண்டு பேனை, கூடினது 160 ரூபா, பேனை 80. கொப்பி 100. இதுதானே ஒன்றில் இருந்து மற்றதைக் கழிக்கிற முறை! பெயர் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் தவணை எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று கேட்கிறேன். வியாபாரக் கணக்கோடு கடன் கணக்கையும் தயவுசெய்து படிப்பியுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் நுண்கடனில் விழுந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. எங்கள் அம்மாவும் எடுத்தார், ஒரு கம்பனியில். "மாசம் ரெண்டு வீதம்தான் அம்மா" என்று வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார்கள். ரெண்டு வீதம் என்றால் சின்ன எண் மாதிரிக் கேட்கும். நான் அப்போது தரம் 9. எனக்குச் சமன்பாடு தெரியும், வட்டிக் கணக்கும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் காட்டித் தரவில்லை. இப்போது கணக்காளர் படிப்புப் படிக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

60000 ரூபா, 12 மாதம், மாதம் 2 வீதம், தட்டை வட்டி, அதாவது கடன் குறைந்தாலும் ஒவ்வொரு மாதமும் முழு 60000க்கும் வட்டி. மாத வட்டி 1200. வருடத்துக்கு 14400. மொத்தம் 74400. மாதத் தவணை 6200. இதில் 5000 முதல், 1200 வட்டி.

இப்போது கையில் உண்மையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று மாதம் மாதமாக எழுதுங்கள். முதல் மாதம் 60000. இரண்டாம் மாதம் 55000. பிறகு 50000. இப்படியே போய் பன்னிரண்டாம் மாதம் வெறும் 5000. அந்தக் கடைசி மாதத்திலும் வட்டி 1200 தான். ஐயாயிரம் ரூபாவை ஒரு மாதம் வைத்திருக்க ஆயிரத்து இருநூறு! அந்த மாதத்துக்கு அது 24 வீதம்.

எல்லா மாதத்தையும் கூட்டினால் 5000 × (12 + 11 + 10 + ... + 1). அடைப்புக்குள் இருப்பது முக்கோண எண், 12 × 13 ÷ 2 = 78. ஆக 390000. ஒரு மாத வட்டி வீதம் வ என்றால்:

390000 × வ = 14400

வ ஏறத்தாழ 0.0369. மாதம் 3.69 வீதம், வருடத்துக்கு 44 வீதத்துக்கு மேல். குறைந்து செல்லும் மீதிக்கு உண்மையாகவே 2 வீதம் போட்டிருந்தால் வட்டி 7800 தான் வந்திருக்கும். வாங்கியது 14400.

முக்கோண எண்ணை எண் கோலத்தில் படித்திருக்கிறார்கள், இந்தச் சமன்பாடு தரம் 8 பிள்ளைக்கு ஒரு வரி. தவணைக் கடனை மாத அலகு (ஒரு தவணை முதலை ஒரு மாதம் வைத்திருப்பது ஒரு அலகு) வைத்துச் செய்கிற முறை மேல் வகுப்பில் சூத்திரமாக வரும்போது பிள்ளைகள் பாடமாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுக்கு முதலே, இந்தப் பன்னிரண்டு வரியையும் ஒரு தடவை தங்கள் கையால் எழுதியிருந்தால், வாசலில் நின்று "ரெண்டு வீதம்" என்று சொல்கிறவரிடம் "தட்டையா, குறைந்து செல்லும் மீதிக்கா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அந்தக் கேள்வி கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சாய்ந்தமருது டீச்சர் எழுதியது:

தங்கச்சி, பன்னிரண்டு வரியையும் அப்படியே நாளைக்கு வகுப்பில் எழுத வைக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

பழைய கொப்பி எழுதியது:

மகள், நீங்கள் எழுதியதற்குப் பிறகு பரீட்சை, கைப்பழக்கம் என்று நான் எழுதியதை வைத்துக்கொண்டே ஒன்று சொல்கிறேன். இந்தக் கணக்கு தரம் 9 முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் இருக்கவேணும். பரீட்சைக்கு வருமோ வராதோ என்று பார்க்க வேண்டாம்.

வாவிக்கரைக் கணிதம் எழுதியது:

இதை எப்படி வகுப்புக்குள் கொண்டுபோவது என்பதில் கவனம் வேணும். இந்தக் கணக்கை எடுக்கும்போது "உங்கள் வீட்டில் யார் கடன் எடுத்திருக்கிறீர்கள்" என்று ஒருநாளும் கேட்கக்கூடாது. வீட்டு வருமானம், கடன், அடகு வைத்த நகை, வெளிநாட்டில் இருந்து வருகிற காசு, இதில் எதையும் பிள்ளையிடம் கேட்கக்கூடாது. சில ஆசிரியர்கள் நல்ல மனதோடு "வீட்டு வரவு செலவை எழுதிக்கொண்டு வா" என்று ஒப்படை கொடுக்கிறார்கள். வரவே இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கு வராது. கற்பனைக் குடும்பம் ஒன்றை வகுப்பே சேர்ந்து உருவாக்கட்டும். பெயர் வைக்கட்டும், தொழில் வைக்கட்டும், கடனும் வைக்கட்டும். தன் வீட்டுக் கதையை அந்தக் குடும்பத்துக்குள் போடுகிற பிள்ளையும் இருக்கும். அது தானாக வரட்டும்.

மின் கட்டணம் இதில் தொந்தரவு இல்லாதது. கட்டண அட்டவணை எல்லோருக்கும் பொது. நிலையான கட்டணம் ஒன்று, அதன் மேல் அலகு விலை. நேர்கோட்டுச் சமன்பாடு அப்படியே இருக்கிறது. அலகு கூடி அடுத்த படிக்குப் போனால் படித்திறனும் மாறும், வெட்டுத்துண்டும் (கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம்) மாறும்.

சின்ன உத்தியோகம் எழுதியது:

ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக ஒன்று. தரம் 11 முடித்ததும் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் போகிறார்கள். சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியவில்லை. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல் ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளி. இந்த மூன்றில் சம்பளத்தில் வெட்டக்கூடியது எட்டு மட்டும். வேறு கழிவு எதுவும் இல்லாமல் கையில் 46000 வந்தால் ச − 0.08ச = 46000, அதாவது 0.92ச = 46000, ச = 50000. கணக்கில் ஈ.பி.எஃப் 10000 சேரவேணும், ஈ.ரி.எஃப் 1500. சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேணும்.

இதே மாதிரி வற் வரி (பெறுமதி சேர் வரி). 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். வரியோடு 1180 ரூபாப் பில் என்றால் பொருளின் விலை 1180 இல் 18 வீதம் கழித்தது இல்லை. 1.18வி = 1180, வி = 1000. கழித்துப் பார்த்தால் 967.60 வரும், பிழை. படித்தவர்களே இதில் தடுமாறுவார்கள்.

தரம்8 அம்மா எழுதியது:

நான் பெற்றோர். எனக்கு ஒரு பயம் இருக்கிறது. தயிர்க் கணக்கை விளங்கிச் செய்கிற பிள்ளை, பரீட்சைத் தாளில் தயிர் இல்லாத சமன்பாடு வந்தால் என்ன செய்யும்?

வாவிக்கரைக் கணிதம் எழுதியது:

அம்மா, தேவையான கேள்வி. நான் கதையிலேயே நின்றுவிடுவதில்லை. முதல் பாடத்தில் எழுத்தே கிடையாது, அட்டவணை மட்டும்: 10 சட்டி என்றால் எவ்வளவு, 15 என்றால், 20 என்றால். பிள்ளைக்கு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு அலுத்துப்போகும். அந்த அலுப்பில்தான் "எத்தனை சட்டி என்றாலும்" என்று ஒரே வரியில் எழுத எழுத்து வேண்டும் என்று தோன்றும். பிறகு கதையோடு சமன்பாடு. அதற்குப் பிறகு சட்டியும் ரூபாவும் இல்லாமல் 7க − 12 = 30, 5(க − 2) − 4க = 11 என்று வெறும் சமன்பாடு. கடைசியில் திருப்பிப் போடுவேன்: 9க − 400 = 6க + 200 என்று கொடுத்து, இதற்கு ஒரு வியாபாரக் கதை எழுது என்பேன். கதை எழுத முடிகிற பிள்ளைக்குச் சமன்பாடு விளங்கிவிட்டது என்று எனக்கு அதிலேயே தெரியும். பழைய கொப்பி சேர் சொன்ன கைப்பழக்கத்துக்கு வீட்டுவேலையில் இடம் இருக்கிறது.

வயல்காரன் மகன் எழுதியது:

சம்மாந்துறையில் இருந்து ஒரு கணக்கு. தயிரும் சாரமும் வந்துவிட்டது, வெள்ளாமை வரவில்லையே.

சொந்தக் காணி இல்லாதவர் ஒரு ஏக்கர் செய்ய இரண்டு வழி. காணிச் சொந்தக்காரரான போடியாரிடம் குத்தகைக்கு எடுப்பது, ஏக்கருக்கு 40000 என்று வைப்போம். அல்லது விளைச்சலில் பாதியைக் கொடுப்பது. உழவு, விதைநெல், உரம், வெட்டு எல்லாம் 70000, இரண்டிலும் செய்கிறவர் தலையில். நெல் கிலோ 100 ரூபா. விளைச்சல் வி கிலோ என்றால்:

குத்தகை: 100வி − 110000

பாதிப் பங்கு: 50வி − 70000

இரண்டும் சமன் ஆவது 50வி = 40000, வி = 800 இல். ஆனால் 800 கிலோவில் இரண்டுக்கும் 30000 நட்டம்! சமன் ஆகிற இடமும் நட்டம் தீருகிற இடமும் ஒன்று இல்லை. குத்தகைக்காரருக்கு நட்டம் தீர 1100 கிலோ வேணும், பங்குக்காரருக்கு 1400. நல்ல பெரும்போகத்தில் 2000 வந்தால் குத்தகையில் 90000, பங்கில் 30000. அப்படியென்றால் எல்லோரும் குத்தகைக்குத்தானே போகவேணும்? மார்கழி வெள்ளத்தில் வயல் முழுக்கப் போனால் வி = 0. வெட்டுக் கூலியும் போனதாகவே வைத்தால் குத்தகைக்காரருக்கு 110000 நட்டம், பங்குக்காரருக்கு 70000. எங்கள் பக்கத்தில் பங்குக்குச் செய்கிறவர் விவரம் இல்லாதவர் இல்லை. அவர் அந்த 40000 ஐப் பயந்து செய்கிறார்.

பழைய கொப்பி எழுதியது:

தம்பி, இந்த ஒரு கணக்கில் வரைபு, ஒருங்கமை சமன்பாடு, சமனிலி மூன்றும் இருக்கிறது. சின்ன மாற்றம் ஒன்று: தெரியாக்கணியத்தை 100 கிலோவில் அளந்தால் எண்கள் சின்னதாகும், தரம் 9 பிள்ளைக்கு வசதி.

வாவிக்கரைக் கணிதம் எழுதியது:

அடுத்த கிழமை தரம் 9க்கு இதைத்தான் எடுக்கப்போகிறேன். சேர் சொன்னபடி 100 கிலோவை ஒரு அலகாக வைத்தேன்: குத்தகை 10000வி − 110000, பங்கு 5000வி − 70000. கிடை அச்சில் இரண்டு அலகுக்கு ஒரு சென்ரிமீற்றர், நிலைக்குத்து அச்சில் 20000 ரூபாவுக்கு ஒரு சென்ரிமீற்றர். இரண்டு கோடும் ஒரு வரைபுத் தாளுக்குள் நிற்கும், −110000 உம் உள்ளே வரும். நிலைக்குத்து அச்சில் பூச்சியத்தைத் தாளின் நடுவில் வையுங்கள், அடியில் வைத்தால் நட்டப் பக்கத்துக்கு இடம் போதாது. வயல்காரத் தம்பி, விதைநெல், உரம், வெட்டுக் கூலியைத் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தந்தால் கேள்வித் தாளில் அப்படியே போடுவேன். எந்தச் செலவு விளைச்சலோடு கூடும், எது கூடாது என்று பிள்ளைகளே பிரிக்கட்டும்.